ஏஜென்ட் வேலையும் செலவுக் கணக்கும்

வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், நானும் அதே தொழில்தான். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா வரவில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி, வருமான வரி ரிட்டர்ன் வேலையை முடித்துவிடுவார். கமிஷன் வருமானத்துக்கு அந்த வழி கிடையாது. நமக்கு ஐடிஆர்-3 என்ற ரிட்டர்ன் படிவம்தான், செலவை ஒவ்வொன்றாக எழுதித்தான் கழிக்க வேண்டும்.

புதிய வரி முறையில் எதையும் கழிக்க முடியாது என்று நினைத்து பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் போவது எல்ஐசி, பிஎஃப் மாதிரி சேமிப்புக்குக் கிடைக்கும் 80சி கழிவு வகையறாதான், தொழில் செலவு அப்படியே கழியும்.

வாடகை வீடா? எனக்கு மாதம் 8,000. முன்னறை வீட்டில் கால்வாசி, அதில் மேசையும் பாலிசி ஃபைல்களும்தான். அதனால் வருடத்துக்கு 24,000 எழுதுகிறேன். இபி பில்லிலும் நியாயமாக ஒரு பங்கு. சொந்த வீடு என்றால் நமக்கு நாமே வாடகை கொடுத்ததாக எழுத முடியாது.

போன், நெட், பெட்ரோல் எல்லாவற்றிலும் தொழிலுக்கான பங்கு மட்டும். பெட்ரோலுக்கு ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள்: தேதி, ஊர், எந்தக் கஸ்டமர், எத்தனை கிலோமீட்டர். பொங்கலுக்குக் கொடுக்கும் காலண்டர், டைரி பில்லும் சேரும்.

லேப்டாப் விலையை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, தேய்மானம் 40 சதவீதம். 45,000 ரூபாய் லேப்டாப் என்றால் முதல் வருடம் 18,000. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். எப்படியும் வாங்கப்போகிறீர்கள் என்றால் தீபாவளி ஆஃபருக்குக் காத்திருக்காமல் செப்டம்பருக்குள் வாங்குங்கள். பணமாகக் கொடுக்காதீர்கள்: ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகப் போனால் அந்தச் செலவு ஏறாது.

அப்புறம், நம் தொழிலில் பலரும் வெளியே சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. பாலிசி பிடிக்க முதல் பிரீமியத்தை நாமே கட்டுவது, கமிஷனில் கஸ்டமருக்குப் பங்கு கொடுப்பது. இன்சூரன்ஸ் சட்டப்படியே அது தப்பு. சட்டம் தடுத்த செலவை வரிக் கணக்கிலும் கழிக்க முடியாது. "விளம்பரம்" என்று பெயர் மாற்றி எழுதும் யோசனையும் வேண்டாம்.

கமிஷனில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்திருப்பார்கள். செலவு போக வரியே வராவிட்டாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அந்தப் பணம் திரும்பி வரும். போடுவதற்கு முன், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை வருமான வரித் தளத்திலிருந்து இறக்கி, கம்பெனி காட்டிய கமிஷனும் உங்கள் வரவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.