இறுகிய டேப்பருக்கு ஒரு ஜோடி ஆப்பு

டிராபாரை (சக்கை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்) தளர்த்தியாகிவிட்டது, காலட் சக் (வெட்டுக்கருவியைப் பிடிக்கும் தலை) மட்டும் ஸ்பிண்டிலை (மெஷினின் சுழலும் தண்டு) விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. சின்ன மில்லிங் மெஷின்காரர்கள் அடுத்து எடுப்பது சுத்தியலைத்தான். மேலிருந்து விழும் ஒவ்வொரு அடியும் பேரிங் வழியாகப் போகிறது. குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்தால் செலவு பெரிது. எதிரெதிராகச் செருகும் இரண்டு ஆப்புகள் என்றால், விசை ஸ்பிண்டில் முகத்துக்கும் சக்குக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்.

இது மோர்ஸ் டேப்பருக்கான, அதாவது ஸ்பிண்டிலுக்குள் கூம்பாகப் போய் உட்காரும் பிடிக்கான கருவி. அதன் கோணம் சுமார் 3 டிகிரிதான், அதனால் தானாகவே கவ்விக்கொள்ளும். ஆர்8 என்ற வேறு வகைக் காலட்டுக்கு உதவாது. ஆப்பு நுழைய அங்கே இடைவெளியே இல்லை.

முதலில் வெர்னியரால் இரண்டு அளவு எடுங்கள்: ஸ்பிண்டில் முகத்துக்கும் சக்குக்கும் உள்ள இடைவெளி, நடுவில் தெரியும் கழுத்தின் விட்டம். இங்கே இடைவெளி 10 மி.மீ., கழுத்து 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

50 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். ஃபிளாட்டில் (மைல்ட் ஸ்டீல் பட்டை) 100 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு போதும். பெங்களூரின் பீன்யா பக்கம் குஜரி (பழைய இரும்பு) கடையில் எடைக்குக் கிடைக்கும். கடினமான ஸ்டீல் வேண்டாம், ஸ்பிண்டில் முகத்தில் கீறல் விழும்.

துண்டின் பக்கவாட்டில் ஒரு முனையில் 12, மறுமுனையில் 2 மி.மீ. வருமாறு சரிவுக்கோடு போடுங்கள். அந்தக் கோடு வைஸ் தாடையின் மேல்விளிம்புக்கு இணையாக வரும்படி சாய்த்துப் பிடித்து, கோடு வரை மில் செய்யுங்கள். மெஷின்தான் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்பீர்கள். சிக்கியது காலட் சக் என்றால் டிராபாரை மறுபடி இறுக்கி அதிலேயே எண்ட்மில் (மில்லிங் வெட்டுக்கருவி) ஓட்டலாம். டிரில் சக் என்றால் கூடாது, பக்கவாட்டு விசையில் கழன்றுவிடும். பக்கத்து ஷெட்டில் கேளுங்கள்.

சரிவு முடிந்த பிறகு, மெல்லிய முனையிலிருந்து 65 மி.மீ. ஆழத்துக்கு 25 மி.மீ. அகலத்தில் கவை (கழுத்து நுழையும் பிளவு) வெட்ட வேண்டும். அடியில் வரிசையாகத் துளை போட்டு, இருபுறமும் ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் பிசிர் எடுங்கள். கால்கள் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கழற்றுவது. மெஷின் பிளக்கைப் பிடுங்குங்கள். டிராபாரை இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். இல்லாவிட்டால் சக் திடீரென்று விழும். டேபிள் மேல் ஒரு பலகை இருக்கட்டும். சரிவுகளில் கிரீஸ் தடவி, ஆப்புகளை எதிரெதிராகக் கழுத்தைச் சுற்றிச் செருகுங்கள். 60 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது உயரம் சரியாக 10 மி.மீ. ஆகும். அப்புறம் தடித்த முனைகளை 6 இஞ்ச் சி-கிளாம்ப்பால் நெருக்குங்கள். 10 மி.மீ. நெருங்கினால் 1 மி.மீ. உயரும், டேப்பர் கழல அதில் ஒரு பகுதியே போதும், ‘டக்’ என்று சத்தம் கேட்கும். விடவில்லையென்றால் இறுக்கத்தோடு சற்று நேரம் விட்டுவைத்து, பித்தளைச் சுத்தியலால் ஆப்பின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள்.

சூடான ஸ்பிண்டிலில் குளிர்ந்த சக்கை மாட்டி இரவு முழுக்க விட்டால், ஸ்பிண்டில் ஆறும்போது சுருங்கிக் கவ்வும். பெங்களூரின் டிசம்பர் குளிரில் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் சக்கை இறக்கிவிட்டு ஷட்டரை இழுங்கள்.