ராமநாதபுரம் கடற்கரையில் எதை முதலில் பார்க்கலாம்?

பிள்ளைகளுடன் வருபவர்களுக்கு என் முதல் தேர்வு காரங்காடு. தொண்டிக்கு அருகே, அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். சேற்றிலிருந்து ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உப்புச் சேற்றில் காற்று கிடைக்காததால் மரம் அவற்றின் வழியாகத்தான் சுவாசிக்கிறது.

அடுத்தது, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம். சிறியதுதான், ஆனாலும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி வாழ்பவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள நல்ல இடம். விடுமுறை நாளா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கண்ணாடியைத் தட்ட வேண்டாம், மீன்கள் மிரளும்.

தனுஷ்கோடியில் பூநாரை பார்க்கக் குளிர்காலமே ஏற்றது. கடைகளில் பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.