அரை டன்னா, முக்கால் டன்னா? பிக்கப் வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு இழுக்கும்?" விளம்பரத்திலும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். லைட் டியூட்டி போதுமா, ஹெவி டியூட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இழுவை எண் தீருவதற்கு வெகு முன்பே, வண்டியின் முதுகு தாங்கும் பாரம், அதாவது பேலோட், தீர்ந்துவிடும்.

அந்தப் பேலோட் எண், டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோ, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரே வரி. ஒரே ஆண்டு, ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில்கூட அது வேறுபடும். நான்கு சக்கர இழுவை, கண்ணாடிக் கூரை, மோட்டார் வைத்த சீட்டு எல்லாமே அந்த எண்ணைத் தின்பவை. ஆகவே பிரசுரத்தை நம்பாமல், வாங்கப்போகும் அந்த வண்டியின் ஸ்டிக்கரையே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைந்த எரிபொருள் டேங்க் அதில் ஏற்கனவே கழிக்கப்பட்டிருக்கும். டிரைவர் கழிக்கப்பட்டிருக்க மாட்டார். பின்தொட்டிக்கு மூடி, பெட்டி என்று பிறகு மாட்டுவதையும் நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஃபோர்டு எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியவை அரை டன், அதாவது லைட் டியூட்டி. எஃப்-250, மற்ற இரண்டின் 2500 ஆகியவை முக்கால் டன். எஃப்-350, 3500 ஆகியவை ஒரு டன். இந்தப் பின்னிரண்டு வகையும்தான் ஹெவி டியூட்டி. இவை பழைய காலப் பெயர்கள். இன்றைய அரை டன் வண்டி அரை டன்னைவிட அதிகமாகவே சுமக்கும்.

இனி கணக்கு. டிரெய்லரின் வெறும் எடை என்று அச்சடித்திருப்பதை மறந்துவிட்டு, அதன் உச்ச எடையை எடுங்கள். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்கை நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி எல்லாம் அதற்கு மேல். பம்பருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டும் டிரெய்லர் என்றால், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியை அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகளில் இது 15 முதல் 25 சதவீதம்.

உச்ச எடை 7,500 பவுண்டு உள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். 13 சதவீதம் வைத்தால் கொக்கியில் 975 பவுண்டு. பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி அமைப்பு 90. நான்கு பேர் 600. தொட்டியில் நாற்காலி, அடுப்பு, ஜெனரேட்டர் 150. மொத்தம் 1,815. கதவு ஸ்டிக்கரில் 1,500 என்று இருந்தால் 315 பவுண்டு அதிகம். அதே வண்டியின் இழுவைத் திறன் 11,000 பவுண்டு என்று விளம்பரம் சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற அளவுமுறைப்படி சோதிக்கும்போது ஆளுக்கு 150 பவுண்டு என்று டிரைவரும் ஒரு பயணியும் மட்டுமே. உங்கள் பின்சீட்டுப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை.

டிரெய்லரே இல்லாதவரும் இதே கணக்கைப் போட வேண்டும். ஒரு கன கெஜம் ஜல்லி சுமார் 2,700 பவுண்டு. அரை டன் வண்டிக்கு அதில் பாதிதான் சரி. 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை 20 என்றாலே 1,600. தொட்டி பாதிகூட நிறைந்திருக்காது, வண்டி நிறைந்துவிடும்.

என் பரிந்துரை: மொத்தம் ஸ்டிக்கர் எண்ணில் 80, 85 சதவீதத்துக்குள் வந்தால் அரை டன் போதும், வீண் செலவு வேண்டாம். அதைத் தாண்டினால், முதலில் அரை டன்னிலேயே கூடுதல் பேலோட் பேக்கேஜ் போட்ட வண்டி கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஃபிஃப்த் வீல், தொட்டியில் ஏற்றும் கேம்பர், மாதத்தில் பல நாள் 8,000 பவுண்டுக்கு மேல் இழுவை என்றால் யோசிக்காமல் முக்கால் டன்னுக்குப் போங்கள்.

பின்பக்கம் தொய்ந்தால், ஸ்பிரிங்குக்குத் துணையாக நிற்கும் காற்றுப் பை (ஏர் பேக்) போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். தொய்வு நிமிரும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பது நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், பிரேக், வீல் எல்லாம் பழையவையே. ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. கனமான டயர் மாட்டுவதும் இதே கதைதான்.

ஹெவி டியூட்டியில் உண்மையில் என்ன கூடுதல் என்பதைப் பின்சக்கரத்துக்கு அருகில் குனிந்து பார்த்தால் தெரியும். அரை டன்னில் பொதுவாக 6 நட்; முக்கால் டன்னில் 8 நட், நடுவே தடித்த ஹப் வெளியே துருத்தி நிற்கும். அதன் முகத்தில் வட்டமாகச் சிறு போல்ட்டுகள் இருக்கும். அரை டன்னில் ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு வண்டியின் எடையையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமே கழன்றுபோகலாம். ஹெவி டியூட்டியில் எடையை ஆக்சில் குழாயின் மேலுள்ள பேரிங்குகள் தாங்குகின்றன, ஷாஃப்ட்டுக்குச் சுற்றும் வேலை மட்டும். சேஸிஸ், பிரேக், கூலிங் எல்லாம் அதே விகிதத்தில் பெருத்திருக்கும். பழைய வண்டி பார்க்கிறவர் அந்த ஹப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சீல் போயிருந்தால் எண்ணெய் பிரேக்கில் இறங்கும்.

டீசல் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். டீசல் என்ஜின் பெட்ரோல் என்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம். அந்தக் கனம் பேலோடிலிருந்தே கழியும். முக்கால் டன் வண்டிகள் சிலவற்றில் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டை ஒட்டியே நிற்பதால், எல்லா வசதியும் போட்ட அத்தகைய டீசல் வண்டி ஒன்று, நன்றாகத் தேர்ந்தெடுத்த அரை டன்னைவிடச் சற்றே அதிகம் சுமந்தால் பெரிய விஷயம். சுமைதான் தேவை என்றால் பெட்ரோல் என்ஜின் போட்ட ஹெவி டியூட்டியே லாபம்.

டீசலின் உண்மையான பலம் மலைப்பாதையில். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் டர்போ இருப்பதால் உயரத்தில் மூச்சு வாங்காது. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். இறக்கத்தில், புகை வெளியேறும் வழியை நெருக்கி என்ஜினையே தடையாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், காலடி பிரேக் அதிகம் சூடேறாது. ஆனால் தினம் இரண்டு மைல் பள்ளிக்கூடம், கடை என்று ஓட்டுகிறவருக்கு டீசல் ஆகாது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட ஓட்டம் வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். செலவும் வேறு. ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலுக்கு ஒரு தடவை 13 குவார்ட் ஆயில், ராமின் கம்மின்ஸ் டீசலுக்கு 12, எஃப்-150-இன் 3.5 ஈகோபூஸ்டுக்கு 6 போதும். புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவமும் தொடர்ந்து ஊற்ற வேண்டும்.

தினசரி வாழ்க்கையில்: சுமையில்லாத ஹெவி டியூட்டி குதிக்கும். பாரத்துக்கு ஏற்றபடி 80 பிஎஸ்ஐ வரை காற்று பிடிக்கும் டயரும் விறைப்பான ஸ்பிரிங்கும் அப்படி. நான்கு சக்கர இழுவை மாடல்கள் 80 அங்குல உயரத்தைத் தொடுபவை. 7 அடி கராஜ் கதவில் நுழைந்தாலும் ஆன்டெனாவையும் கூரைச் சட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். 8,500 பவுண்டுக்கு மேல் எடை வரம்புள்ள பிக்கப்புகளுக்கு மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால், ஷோரூமில் அந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது.

தொழிலுக்கு ஓட்டுகிறவர் இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். வண்டியோ, டிரெய்லரோடு சேர்ந்த மொத்தமோ 10,001 பவுண்டைத் தொட்டு மாநிலம் தாண்டினால் மத்தியப் போக்குவரத்து விதிகள் வரும். சேர்ந்த வரம்பு 26,001-ஐத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால் வணிக லைசென்ஸ் வேண்டும்.

ஒரு டன் பக்கம் போகிறவருக்கு ஒரு வார்த்தை: எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டியில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. டேங்கை நிரப்பி, டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஏற்றி, வரும் எடையைக் கதவில் எழுதியிருக்கும் மொத்த வரம்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போதே டிரெய்லர் வைத்திருப்பவர் வாங்கும் முன் பழைய வண்டியோடு அதே ஸ்கேலுக்குப் போகலாம். பயணத்துக்குப் போவதுபோலவே எல்லாம் ஏற்றி, பாரம் பகிரும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஒரு முறை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடு இன்னொரு முறை. வண்டியின் இரண்டு ஆக்சில் எடைகளையும் கூட்டி, முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அதுதான் கொக்கியில் விழும் நிஜ எடை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமில் கதவு கதவாகத் திறந்து பாருங்கள்.