தண்டர்பேர்டு 350: ஸ்போக்ஸுக்கு விடை கொடுத்து அலாய் மாட்டும் வழி

எங்கள் தூத்துக்குடியில் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு மாதிரி ஸ்போக்ஸ் (கம்பி) வீல் வைத்த வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பது நடக்காத காரியம். உப்புக்காத்து போதாதென்று உப்பளத்துப் பாதையில் போனால் ஈர மண்ணும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ரிம்மின் குரோமைத் துடைத்துவிடலாம். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் பக்கத்தில் ஸ்போக்ஸ் ஒன்றையொன்று தாண்டிப் போகிற இடத்தில் விரல் நுழையாது, டூத் பிரஷ்ஷும் பாதிதான் போகும். பழைய பனியனைக் கிழித்துக் கயிறு மாதிரி முறுக்கி, டீசலில் நனைத்து ஒவ்வொரு கம்பியாக இழுத்துத் துடைக்கலாம். ஆனால் ஒரு சொட்டு டீசல் டிஸ்க்கில் பட்டால் பிரேக் போச்சு.

அழுக்காவது பரவாயில்லை. கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டான நிப்பிளுக்குள் துரு இறங்கிவிட்டால்தான் வினை. பெண்டு எடுக்க, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்த, நிப்பிளைத் திருகும்போது அது திரும்பாது, கம்பி முறுக்கிக்கொண்டு உடையும். அந்த நிலைக்கு வந்த வீலில் திரும்பத் திரும்பக் காசு போடுவதைவிட கம்பி இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் அலாய் வீல் மாட்டுவதே மேல் என்பது என் கட்சி. இன்னொரு லாபமும் உண்டு. ஸ்போக்ஸ் வீலில் நிப்பிள் ஓட்டை வழியாகக் காற்று போய்விடும் என்பதால்தான் டியூப் போடுகிறார்கள். டியூபில் ஆணி ஏறினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். டியூப்லெஸ் டயரில் ஆணி அப்படியே இருக்க, பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் உங்கள் வண்டி எது என்று பாருங்கள். தண்டர்பேர்டு 2002-இல் வந்தது. பின்னால் டிஸ்க் பிரேக் வந்தது 2012 மாடலில். நான் சொல்வது அந்த 2012-க்குப் பிந்தைய வண்டிக்கு மட்டும். அதற்கு முந்தைய டிரம் பிரேக் வண்டிக்கு ஹப்பே வேறு, இந்த வேலை ஒத்துவராது. 2018-இல் வந்த தண்டர்பேர்டு 350 எக்ஸ் மாடலில் கம்பெனியே அலாயும் டியூப்லெஸ் டயரும் கொடுத்தது. முன்னால் 90/90-19, பின்னால் 120/80-18. நம் ஸ்போக்ஸ் வண்டிக்கும் இதே அளவுதான், அதனால் தேட வேண்டியது இந்த செட்டைத்தான். மீட்டியோர் 350-இன் அலாய் பார்க்க லட்சணமாக இருக்கும், சிலர் ஆசை காட்டுவார்கள். அதன் பின் சக்கரம் 17 இஞ்ச், டயர் 140/70. நேராக உட்காராது, விட்டுவிடுங்கள்.

அளவை மாற்றாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டயர் அளவு அதேதான் என்றாலும் இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

வாங்கும் இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புது வீல் என்றால் ரிம்மில் அளவும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்கிறதா, டியூப்லெஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய செட் எடுப்பதாக இருந்தால் டயரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். டயர் உட்காரும் உள்விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். வெல்டிங் வைத்து அரம் போட்ட இடம் இருந்தால் நகத்துக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்திருப்பார்கள். பிறகு ஆக்ஸிலில் மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஸ்போக்ஸ் வீலுக்குப் பெண்டு எடுக்கிற மாதிரி அலாய்க்கு எடுக்க முடியாது.

காசு கொடுக்கும் முன் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விஷயத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்தால் ஹப்பில் பல் வளையம் மாட்ட இடம் இருக்கிற வீல்தான் வேண்டும். வளையம் இல்லையென்றால் சக்கர வேகத்தைப் பார்க்கும் சென்சார் எதையும் படிக்காது. ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

பேரிங், ஆயில் சீல், டியூப்லெஸ் வால்வு, பின் ஹப்புக்குள் போகும் ரப்பர், எல்லாம் புதிதாக வாங்கிவிடுங்கள். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து அதையே திரும்பப் போடுவது கஞ்சத்தனம். புது பேரிங்கை அதன் வெளி வளையத்துக்குச் சரியான சாக்கெட்டை வைத்து, வெளி வளையத்தில் மட்டும் அடி விழும்படி இறக்க வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் குண்டு பள்ளம் போட்டு, மாட்டிய புதிதிலேயே ஊளையிட ஆரம்பிக்கும். ஒரு பக்கம் இறக்கியதும் நடுவில் வரும் ஸ்பேசர் குழாயைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் இறக்குங்கள். குழாயை மறந்தால் ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது பேரிங் நசுங்கும். இதில் கை பழகாதவர்கள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் விட்டுவிடலாம். டயர் ஏற்றுவதும் பேலன்ஸிங் பார்ப்பதும் எப்படியும் கடை வேலைதான். டயரில் உள்ள அம்புக்குறி வண்டி ஓடும் திசையைப் பார்க்கிறதா என்பதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மாட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தால் முன் சக்கரம் தூக்கி நிற்கும். ஆக்ஸிலை உருவும் முன், எந்த ஸ்பேசர் எந்தப் பக்கம், எது உள்ளே பார்க்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க் வெளியே வந்ததும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் பேட் நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். யாராவது சும்மா பிரேக் லிவரைப் பிடித்தால் பேட் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் நுழையாது.

பின் சக்கரத்துக்கு, செயின் அட்ஜஸ்டர் ரெண்டு பக்கமும் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று குறித்துவிட்டுத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளினால் செயின் கழன்று வரும். காலிபரைப் பிரேக் ஓஸில் தொங்க விடாதீர்கள், கயிறு போட்டுக் கட்டுங்கள். ஸ்ப்ராக்கெட்டும் டிஸ்க்கும் பழைய ஹப்பிலிருந்து புதுசுக்கு மாறும். டிஸ்க் போல்ட்டின் மரையைத் துடைத்து, ஒரு சொட்டு லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) விட்டு, எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள், சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அலாய் ஹப்பின் மரை பலம் காட்டினால் பிய்ந்துவிடும். கடைசியில் செயினை 25-30 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி வைத்து, ரெண்டு பக்கக் கோடும் சமமா என்று பாருங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன்பு, முன் பிரேக் லிவரையும் பின் பிரேக் பெடலையும் கெட்டியாகும் வரை அடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கிளம்பினால் முதல் திருப்பத்தில் பிரேக் பிடிக்காது. புது டயரின் மேல் வழுக்கல் இருக்கும், முதல் 100 கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்க வேண்டாம். அந்த ஓட்டம் முடிந்ததும் ஆக்ஸில் நட்டையும் டிஸ்க் போல்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அலாய்க்கு ஒரு குறை உண்டு. பெரிய குழியில் வேகமாக விழுந்தால் ஸ்போக்ஸ் ரிம் நெளியும், அலாய் விரிசல் விடும். கண்ட இடத்திலும் வண்டியை இறக்குகிறவர்களுக்கு ஸ்போக்ஸே நல்லது. கழுவ ஷாம்பு தண்ணீர் போதும். அமிலம் கலந்த கிளீனரைத் தொடாதீர்கள், பெயிண்ட் உரியும். சீட்டுக்கு அடியில் ஒரு பஞ்சர் கிட் இருக்கட்டும், ஆனால் அதில் ஓட்டையை அடைக்க வரும் திரி டயர் தரையில் படும் பாகத்துக்கு மட்டும்தான். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் டயரையே மாற்றுங்கள்.