வெருகலில் இருந்து பஸ் ஏறவைக்கும் படிவம்: அரச இணைய சேவைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையில்லாத ஒருவர் வெருகலில் இருந்து திருகோணமலைக் கச்சேரிக்கு வருவதென்றால் பெரும்பாலும் துணைக்கு இன்னொருவரும் வரவேண்டும். இரண்டு பேருக்கு பஸ் காசு. துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலியும் போய்விடும். இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதி இவரைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் உதவ வேண்டும். படிவம் நடுவழியில் நின்றுவிட்டால், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை என்று எல்லாவற்றையும் அயலவர் ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டிவருகிறது. அதனால் எந்தச் சேவையைப் பார்த்தாலும் நாம் கேட்கவேண்டியது இதுதான்: இதை அவர் தனியாகவே செய்து முடிப்பாரா?

தமிழில் முதலில் இடறுவது பாமினி என்ற பழைய எழுத்துருவில். பாமினியில் அடித்த கடிதம் நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ வெறும் ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்ற சொல்லுக்குள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் அந்தக் குப்பையைத்தான் வாசிக்கும். சோதிப்பது சுலபம்: ஒரு வரியைப் பிரதியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாக விழுந்தால் அது யுனிகோட் அல்ல; யுனிகோட் என்பது கணினியும் தமிழாகவே அறியும் எழுத்துமுறை. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அவை தமிழ் எழுத்தாகக் குழப்பிவிடும். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும்.

அடுத்தது, கையொப்பமும் முத்திரையும் வைத்த அறிவித்தலை ஸ்கேன் செய்து ஏற்றுவது. அது வெறும் படம்; அதில் வாசிக்க எழுத்தே இல்லை. வேர்டில் இருந்து நேரே பிடிஎஃப் ஆக்கினாலும் தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகள் இடம் மாறி, ‘கொடுப்பனவு’ சிதைந்துபோகலாம். ஸ்கேன் பிரதி வேண்டுமென்றால் இருக்கட்டும். அதே விடயத்தை இணையப் பக்கத்திலேயே யுனிகோட்டில் அடித்துப் போடுங்கள். பக்கத்தின் மொழி ‘தமிழ்’ என்று நிரலில் குறித்திருக்கவும் வேண்டும். ‘ஆங்கிலம்’ என்று விட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிட்டுப் போகும்.

படிவத்தில் பெட்டிக்குள் மங்கலாக ‘பெயர்’ என்று எழுதிவிட்டு, வெளியே தலைப்பு வைக்காமல் விடுகிறார்கள். தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். ஞாபகமறதி உள்ளவருக்கும் அது தொல்லை. அடையாள அட்டைப் பெட்டிக்கு எண் விசைப்பலகை மட்டும் திறந்தால், பழைய அட்டையின் 9 இலக்கங்களுக்குப் பின் வரும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தை அடிக்க வழியில்லை. வயதானவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், ‘அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எழுத்து குறைகிறது’ என்று தமிழில் எழுதுங்கள். தமிழ்ப் படிவத்தில் பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வருவது, படிவமே இல்லாததற்குச் சமம்.

குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணான ஓடிபிக்கு 60 விநாடி போதாது. திரைவாசிப்பானோடு குறுஞ்செய்திக்குப் போய், கேட்டு, திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆறு பெட்டி வேண்டாம், ஒரே பெட்டி வையுங்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், நேரத்தை நீட்டிக்க ஒரு பொத்தான் கொடுங்கள்.

நிறம்: சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு (கொன்ட்ராஸ்ட்) வேண்டும். #999999 சாம்பல் நிறம் வெள்ளைமேல் 2.8:1 மட்டுமே. பஸ் தரிப்பிட வெயிலில் நல்ல கண்ணுக்கே அது தெரியாது.

‘மேலதிக விபரங்களுக்கு அழைக்கவும்’ என்று தொலைபேசி இலக்கம் மட்டும் போட்டால் காது கேளாதவருக்குக் கதவு அடைபட்டது. குறுஞ்செய்தி அனுப்பக்கூடிய இலக்கமும் வேண்டும். விளக்க வீடியோவில் எழுத்து போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழிதான்.

கட்டடத்தையும் விட்டுவிடக் கூடாது. 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே சாய்தளத்தின் கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம், சாய்தளம் 18 அடி நீளம். இடமில்லை என்று 6 அடியில் கட்டினால் சக்கர நாற்காலி பின்னால் கவிழும். கதவுக்கு முன் 5 அடிச் சமதளம் இல்லாவிட்டால், நாற்காலியைப் பிடிப்பதா கதவைத் திறப்பதா என்று தவிக்க வேண்டும்.

இவற்றை மென்பொருள் வந்த பிறகு கேட்டால் ‘அதற்குத் தனிக் கட்டணம்’ என்பார்கள். கேள்விப்பத்திரத்திலேயே (டெண்டர்) டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2 என்ற சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டியின் இரட்டை ஏ தரம் வேண்டும் என்று எழுதுங்கள். இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. பக்க ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தான் ஒன்றை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்; ஏற்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கும் அந்தப் பொத்தான், தலைப்பில்லாத பெட்டிக்குச் சரியான தலைப்பை எழுதித் தராது.

நீங்களே பார்க்கலாம். அண்ட்ராய்ட் கையடக்கத் தொலைபேசியில் உள்ள டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடி, வலப்பக்கம் தடவித் தடவிப் படிவத்தின் கடைசிப் பொத்தான் வரை போங்கள்; தேர்வு செய்ய இருமுறை தட்டுங்கள். கணினியில் மௌஸைக் கழற்றிவைத்துவிட்டு, டாப் விசையால் நகர்ந்து, விசைப்பலகையால் மட்டும் செய்யுங்கள். பிறகு, திரைவாசிப்பானைத் தினமும் பாவிக்கும் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து, விண்ணப்பத்தை முதலில் இருந்து பற்றுச்சீட்டு வரை முடிக்கச் சொல்லுங்கள். கம்பனிக்கு இறுதிக் கொடுப்பனவைக் கொடுப்பதற்கு முன்னரே இதைச் செய்துவிடுங்கள்.