சுவர் சாய்கிறதா? அடியிலிருந்து பாருங்கள்: பானை வனையப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பானை வனையும் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்பது, சுவரை மேலே எழுப்பும்போது ஏன் சாய்ந்துவிடுகிறது என்பதுதான். விரல்களில்தான் குறை என்று நினைத்து அடுத்த முறையும் அங்கேயே கவனத்தை வைப்பார்கள். ஆனால் சாய்வதற்கான காரணம் பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, மண்ணைப் பிசைந்தபோதோ சக்கரத்தின் நடுவில் நிறுத்தியபோதோ உண்டாகியிருக்கும். அதனால் தவறுகளையும் வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

கிராமத்துக் குயவர்கள் மண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். வகுப்பில் மண் பாக்கெட்டில் வருவதால், தயாராகத்தானே இருக்கிறது என்று பலர் அப்படியே சக்கரத்தில் வைத்துவிடுகிறார்கள். பாக்கெட்டின் ஓரத்து மண் இறுகியும் நடுவில் இளகியும் இருக்கலாம். அந்த வித்தியாசம் போகும்வரை பிசைந்தே ஆக வேண்டும். சப்பாத்தி மாவைப் போல மடித்து மடித்து அமுக்கினால் ஒவ்வொரு மடிப்பிலும் காற்று சிக்கிக்கொள்ளும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னால் தள்ளி, உருட்டி எடுத்து, மறுபடி தள்ளுங்கள். பிறகு கம்பியால் உருண்டையை இரண்டாக அறுத்துப் பாருங்கள். துளைகள் தெரிந்தால் வேலை இன்னும் பாக்கி.

காற்றுக் குமிழி இருந்தால் பானை சூளையில் வெடிக்கும் என்று சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் வெடிக்க வைப்பது ஈரம். சரியாகக் காயாத மண்ணில் மிஞ்சிய நீர் 100 டிகிரியில் ஆவியாகும். வேகமாகச் சூடேற்றினால் அந்த ஆவி வெளியேற நேரமில்லாமல் சுவரைப் பிளந்துவிடும். குமிழி தொல்லை கொடுப்பது சக்கரத்தில்தான். விரல் அதன் மேல் ஏறும்போதெல்லாம் சுவர் துள்ளும்.

அடுத்தது மண்ணை நடுவில் நிறுத்துவது. இதில் அவசரப்படுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்பேன். சக்கரத்தின் தட்டு சொதசொதவென்று நனைந்திருந்தால் உருண்டை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். தட்டைத் துடைத்து, லேசான ஈரம் மட்டும் இருக்கும்போது மண்ணை அழுத்தி ஒட்டுங்கள். பிறகு பெரும்பாலோர் கைகளின் வலிமையால் மண்ணை அடக்கப் பார்க்கிறார்கள். சுழலும் மண் கையை ஆட்டுகிறது, ஆடும் கை மண்ணை இன்னும் கோணலாக்குகிறது. முழங்கைகளைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றிக்கொண்டு, உடம்பையே முன்னால் சாய்த்து அழுத்தம் கொடுங்கள். கை அசையாமல் நின்றால் மண்தான் கைக்கு ஏற்ப மாற வேண்டும். இந்தக் கட்டத்தில் சக்கரம் வேகமாகச் சுழலட்டும். பயந்து மெதுவாக வைத்தால் நடுவுக்கு வராது. ஒரு விரலை அசைக்காமல் மண்ணின் ஓரத்தில் தொட்டு வையுங்கள். விட்டு விட்டுப் பட்டால் இன்னும் நடுவில் இல்லை. 'போதும், சுவர் எழுப்பும்போது சரியாகிவிடும்' என்று மட்டும் நினைக்காதீர்கள், அது சரியாகவே ஆகாது.

கையை வெடுக்கென்று எடுப்பதும் இதோடு சேர்ந்த தவறு. அரும்பாடுபட்டு நடுவில் நிறுத்திய மண், கையைத் திடீரென்று விலக்கிய அந்த நொடியில் கோணிவிடும். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை மெல்ல மெல்லத் தளர்த்தி விலகுங்கள்.

எவ்வளவு மண் எடுப்பது? குயவர் பெரிய மண் குவியலைச் சக்கரத்தில் வைத்து, மேலிருந்து ஒவ்வொரு பாத்திரமாக வனைந்து நூலால் அறுத்தெடுப்பதைப் பார்த்துவிட்டுச் சிலர் பெரிய உருண்டை கேட்பார்கள். அவருக்கு அந்தந்த நேரத்தில் நடுவில் இருக்க வேண்டியது குவியலின் உச்சி மட்டுமே. அதோடு, உருண்டை அடி கொண்ட நம் ஊர்ப் பானை முழுவதும் சக்கரத்தில் உருவாவதில்லை. தடித்த சுவரோடு எடுத்து, சற்று இறுகிய பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடி, சுவரை மெலிதாக்குகிறார்கள். பழகுபவருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும்.

தண்ணீரில் தாராளம் வேண்டாம். கை வழுக்கிக்கொண்டு போக ஈரம் தேவைதான், ஆனால் மண் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்; குடித்த சுவர் தன் எடையைத் தாங்காமல் உட்கார்ந்துவிடும். பானைக்குள் தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள்.

நடுவில் குழி திறக்கும்போது ஊசியால் குத்தி அடியின் தடிமனைப் பாருங்கள். பின்னால் அடியைச் சீவி, பாத்திரம் நிற்பதற்கான வளையம் எடுப்பதென்றால் ஒரு சென்டிமீட்டர் அளவு விட வேண்டும். அடியை விரலால் நடுவுக்கும் ஓரத்துக்கும் மாறி மாறி அழுத்தி இறுக்க மறந்தால், காயும்போது எஸ் வடிவ விரிசல் விழ வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பிறகுதான் சுவர். இப்போது வேகத்தைக் குறையுங்கள். உள்விரலும் வெளிவிரலும் ஒரே உயரத்தில் நின்று, சீராக மேலேற வேண்டும். சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் விரல் எகிறிவிட்டால் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போகும். மண் வீணாக அடி மூலையிலேயே தங்குவதும் சகஜம். முதல் தூக்கலை அங்கே, தட்டை ஒட்டியே தொடங்குங்கள். ஒவ்வொரு தூக்கலுக்குப் பிறகும் விளிம்பை மென்மையாக அழுத்திச் சீர் செய்யுங்கள்.

முதலில் வனைந்த கிண்ணங்களைச் சூளைக்கு அனுப்பாமல் கம்பியால் நெடுக்கில் அறுத்துப் பார்க்கச் சொல்வேன். மனசு வராதுதான். ஆனால் வெட்டுமுகத்தில் எல்லாம் தெரியும். அடி மூலை கனத்திருந்தால் தூக்கலை மேலே தொடங்கியிருக்கிறீர்கள். இடது சுவரும் வலது சுவரும் வேறு வேறு தடிமன் என்றால் மண் நடுவில் நின்றிருக்கவில்லை.

தப்பிப் பிழைத்த கிண்ணத்தை வெயிலிலோ ஃபேன் காற்றிலோ வைக்காதீர்கள். விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும், இரண்டுக்கும் நடுவே விரிசல் விடும். பாலிதீன் கவரைத் தளர்வாகப் போர்த்தி மெதுவாக உலர விடுங்கள். நகம் பதியும் அளவுக்கு இறுகியதும் அடியைச் சீவலாம்.

அப்புறம், வகுப்பு முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உலர்ந்த களிமண் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கை கழுவிய சேற்று நீரையும் சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாளியில் விட்டுவைத்தால் மண் அடியில் படியும், தெளிந்த நீரை வடித்துவிட்டு அந்த மண்ணை மறுபடி பிசையலாம்.