காலிக் கேன் நசுக்கும் கருவி: செய்வதற்கு முன் இதையெல்லாம் கவனியுங்கள்

பக்கத்துப் பள்ளியின் நூலகத்துக்குப் பணம் சேர்க்க, எங்கள் குடியிருப்பில் காலிக் குளிர்பானக் கேன்களைச் சேகரிக்கத் தொடங்கினோம். இரண்டே வாரத்தில் மாடிப்படிக்குக் கீழே சாக்கு மூட்டைகள் நிறைந்து, சைக்கிள் நிறுத்த இடமில்லாமல் போனது. சரி, கேன்களை நசுக்கிவிடலாம் என்று நாங்களே ஒரு கருவி செய்தோம். அது பத்து நாள்தான் தாங்கியது.

முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலி அலுமினியக் கேன் சுமார் 14 கிராம். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 70 கேன் வேண்டும். நசுக்கினாலும் எடை கூடாது, இடம்தான் மிச்சமாகும். கருவிக்கே ஆயிரக்கணக்கில் செலவழித்தால் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க என்ன மிஞ்சும்? பழைய மரச்சட்டம், ஓர் இரும்புப் பட்டை, நாலு போல்ட் போதும்.

அப்புறம், வாங்கப்போகிற காயலான் கடைக்காரரைக் கேட்காமல் நசுக்க ஆரம்பிக்காதீர்கள். உள்ளே மண்ணோ கல்லோ போட்டு எடை கூட்டியிருப்பார்களோ என்ற சந்தேகத்தில் சிலர் நசுங்கிய கேனை வாங்கத் தயங்குவார்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு டின். அதைத் தனியாக வையுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம். அங்கே கேனுக்கு 10 சென்ட் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். ஆனால் கேனை வாங்கிக்கொள்ளும் இயந்திரம் பார்கோடைப் படித்தாக வேண்டும். நசுங்கிய கேனை அது ஏற்காது.

அடுத்தது அளவு. 330 மில்லி குண்டுக் கேனின் உயரம் சுமார் 11.5 செ.மீ. அதே கொள்ளளவுள்ள ஒல்லிக் கேன் 14 செ.மீ.யைத் தாண்டும். ஒன்றை மட்டும் அளந்து செய்தால் மற்றது உள்ளே நுழையாது. கைப்பிடி 90 செ.மீ. நீளம் இருக்கட்டும். கேனை அழுத்தும் கட்டையை, கைப்பிடி சுழலும் அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி இணைத்தால் கையின் விசை ஆறு மடங்காகும். இன்னும் விசை வேண்டுமென்று 5 செ.மீ.க்குக் குறைத்தால் கட்டை போதிய தூரம் நகராது, கேன் பாதி நசுங்கி நின்றுவிடும். பக்கவாட்டில் ஒடுக்கு விழாத காலிக் கேன், நிமிர்ந்து நிற்கையில் ஒரு பெரியவரின் எடையையே தாங்கக்கூடியது. வைப்பதற்கு முன் விரலால் இரண்டு பக்கமும் லேசாக அமுக்கிவிட்டால் சுலபமாக மடங்கும்.

எங்கள் கருவி உடைந்ததற்குக் காரணம் கதவுக் கீல். ப்ளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தோம். ஒவ்வொரு இழுப்புக்கும் கீல் பலகையை விட்டு மேலே எழும்பப் பார்க்கும். இரண்டாம் நாளே ஸ்க்ரூவைச் சுற்றி மரத்தூள் உதிர்ந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. பத்தாம் நாள் கீல் கையோடு வந்துவிட்டது. கீலை விட்டுவிட்டு, சட்டத்தின் மறுபக்கம்வரை ஊடுருவும் 10 மி.மீ. போல்ட்டையே அச்சாகப் போடுங்கள். இரண்டு பக்கமும் அகலமான வாஷர், கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நட்டு. ஒரே நட்டாக இருந்தால் ஆட்டத்தில் கழன்றுவிடும்.

மிச்ச பானத்தோடு நசுக்கினால் முகத்தில் பீய்ச்சும், எறும்பும் மொய்க்கும். முந்தின இரவே கேன்களைக் கவிழ்த்து வையுங்கள். சென்ட், கொசு மருந்து ஸ்ப்ரே டப்பாக்களைக் கருவியின் பக்கமே கொண்டுவரக் கூடாது. காலி என்று நினைத்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும், வெடித்துவிடும்.

விரல் விஷயத்தில் நாங்கள் செய்தது பெரிய தவறு. நசுங்கிய கேன் விழ வழி வைக்காததால் ஒவ்வொன்றையும் கையை விட்டுத்தான் எடுத்தோம். ஒரு சாயங்காலம், தூக்கி நிறுத்தியிருந்த கைப்பிடி தன் பாரத்தாலேயே சரிந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தாள். அன்றைக்கே வேலையை நிறுத்தினோம். புதிய கருவியில் கீழே 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு சந்து விட்டிருக்கிறோம். தட்டையான கேன் தானாக வாளியில் விழும். கைப்பிடியை உயர்த்தினால் மாட்டிவைக்க ஒரு கொக்கி இருக்கிறது. கொக்கியில் மாட்டிய பிறகுதான் அடுத்த கேன் உள்ளே போகிறது. கைப்பிடியை இழுப்பது பெரியவர்கள் மட்டுமே.